நாற்காலி கத்துகிற இடம்

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருந்த மேனிக்கு இருக்கிறோம். இருந்த மேனிக்கு என்பதே இப்போதைக்கு நல்ல செய்திதான். உனக்கு அந்த இருமல் விட்டதா? பேருந்திலேயே தூங்கிப் பேருந்திலேயே எழுந்திருக்கிறவனுக்கு இருமல் எப்படி விடும்? இருந்தாலும் கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு இடது கையில் ஸ்பூன் பிடிக்க வந்துவிட்டது. வலது பக்கம் அப்படியேதான். பேச்சும் அந்த ஒரே "ம்"தான். ஆனால் ஆமாம், வேண்டாம், போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று எல்லாவற்றையும் அந்த ஒரு "ம்"மிலேயே சொல்லிவிடுகிறார். கம்பெனியை மூடிய அன்று அங்கிருந்து உருட்டிக்கொண்டு வந்தாரே, அந்தச் சுழல் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். நல்ல காலால் தரையை உந்தி, ஜன்னல் பக்கமும் வாசல் பக்கமும் திரும்பிக்கொள்கிறார். எத்தனை எண்ணெய் விட்டாலும் அது கத்துவதை நிறுத்தவில்லை.

காலையில் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறேன். மதியம் எதிர்வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். நேற்று கடைக்கு ஒரு பெண் வந்தாள், கையில் பத்திரிகை. அதில் உங்கள் இசைக்குழுவின் போன வருஷப் படம். நாலு பேர் கிட்டாரும் டிரம்முமாக முன்னால், நாலு பேர் வயலின் கூட்டமாகப் பின்னால். "ஓரத்தில் பெரிய வயலின் மாதிரி செல்லோவைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருப்பது என் தம்பி" என்றேன். "முன்னாடி அந்த இடத்துல ஒரு அக்கா உட்கார்ந்திருப்பாங்களே?" என்று கேட்டாள். "ஆமா, அவங்க இப்ப உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டு இருக்காங்க" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

வருத்தப்பட்டு எழுதவில்லை. அப்பா பக்கவாதத்தில் விழுந்த வாரம் உன்னை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தேன், அத்தோடு நான் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்தாயிற்று. உன் கையில் என் செல்லோ பேசினால் எனக்கு அது போதும். தடித்த தந்தி குளிரில் இன்னும் உறுமுகிறதா? அதை மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மூன்று ஊர் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. இருமல் விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக முதுகுவலி வந்திருக்கிறது. அப்பா ஸ்பூன் பிடித்ததைக் கேட்டு சந்தோஷம். நர்ஸுக்கு என் வணக்கம்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. புதிய இசைத்தட்டு எடுபடவில்லை. "ராக் பாட்டுக்கு இவ்வளவு வயலின் எதற்கு?" என்று ஒரு பத்திரிகை கேட்டது, "இவ்வளவு வயலினுக்கு நடுவில் ராக் எதற்கு?" என்று இன்னொரு பத்திரிகை கேட்டது. நம் குழுத் தலைவர் இரண்டையும் வெட்டிப் பேருந்தின் கழிப்பறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். அறைக்குள்ளும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று டிரம்காரன் எங்களோடு பந்தயம் கட்டுகிறான்.

வயலின்காரர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டாள். மற்றவன் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிட்டான். இப்போது பின்னால் நானும், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவை வாசிக்கிற நம் வியோலா அம்மாவும் மட்டும்தான். அவர் முட்டியில் போர்த்திக்கொள்ளப் பின்னல் வேலை செய்துகொண்டே வருகிறார். மேடை ஏறும்போதுதான் ஊசியை வைத்துவிட்டு வில்லை எடுக்கிறார்.

கூட்டம் பரவாயில்லை. மேல்தட்டு இருக்கைகளைக் கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவதால் கீழே நிரம்பிய மாதிரி தெரிகிறது. பாட ஆரம்பித்தால் எல்லோரும் "ஏழாம் மாடி" என்றுதான் கத்துகிறார்கள். வேறு பாட்டே நாம் போட்டதில்லை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

உன் செல்லோ சமத்தாக இருக்கிறது. உறுமுவதே இல்லை.

தம்பி

*

மார்ச் 6

அன்புள்ள வாலு,

முதுகுவலிக்கு வெந்நீர் பை வைத்துக்கொள். நாங்கள் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்.

எனக்கு ஒரு சந்தேகம். நாலு பேர் வாசித்ததை நீங்கள் இரண்டு பேர் எப்படி வாசிக்கிறீர்கள்? அதுவும் "ஏழாம் மாடி"யில் அந்த நடு இடம் வருமே, கிட்டார், டிரம், குரல் எல்லாம் ஒரேயடியாக நின்று, ஒன்றுமே இல்லாத அமைதியில் செல்லோ மட்டும் தனியாக ஆரம்பிக்கும், அதற்கு அப்புறம் வயலின்கள் மாடி மாடியாக ஏறும். ஏறுவதற்கு ஆள் வேண்டாமா?

அதைப் பதிவு செய்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். பதிவுக் கூடத்துக்கு வசதியில்லாமல் நம் முன்னறைக்கே ஒலிக்காரர் கருவிகளைக் கொண்டுவந்துவிட்டார். உயரமான கூரையும் கல் தரையும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அப்பா மட்டும் நகரவில்லை. "இது என் வீடு, இது என் நாற்காலி. நீங்க உங்க ரம்பம் இழுக்கிற தச்சு வேலையைப் பாருங்க" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அமைதியான இடம் வந்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு திரும்பு திரும்பினார். நாற்காலி கிறீச்சென்று கத்தியது. திடுக்கிட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு நுழைந்துவிட்டேன். ஒலிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இருக்கட்டும்யா, அந்த வீட்டுல அதுவும் ஒரு வாத்தியம்தான்" என்று தலைவர் சொல்லிவிட்டார். இசைத்தட்டில் அந்தச் சத்தம் இன்றைக்கும் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்.

நீங்கள் மேடையில் வாசித்ததை ஒலிநாடாவில் பிடித்து ஒன்று அனுப்பேன். அப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன். பொழுது போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு நர்ஸ் வேறு சாயங்காலமானால் எங்கள் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். காற்று இல்லாமல் புழுங்குகிறது.

அவசியம் அனுப்பு.
அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுத உட்காரும்போதெல்லாம் பேருந்தைக் கிளப்பிவிடுகிறார்கள். நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. சோர்வுதான்.

நீ கேட்ட நாடாவை இதோடு அனுப்பியிருக்கிறேன். போன வாரம் ஒலிக்காரர் பிடித்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ரொம்பச் சத்தம் கூட்டி வைக்காதே, கரகரவென்று இருக்கும்.

வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை. தங்கும் அறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. காலையில் கண்ணைத் திறந்து, குளியலறை எந்தப் பக்கம் என்று யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

தம்பி

*

மே 9

வாலு,

நாடா வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குத் தலை சீவி, நாடாப் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துப் போட்டேன். ஜனங்கள் கத்துகிறார்கள், விசிலடிக்கிறார்கள், தலைவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார். உன்னை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் "ஏழாம் மாடி" வந்தது. எல்லாம் நின்றது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்த அமைதியில் நாற்காலி கத்தியது.

அப்பா திரும்பினார் என்றுதான் நினைத்தேன். அவர் அசையவே இல்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னோக்கி ஓட்டி மறுபடி போட்டேன். மறுபடியும் கத்தியது. அப்பா இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டி "ம்" என்றார். பிறகு அந்தக் கையை என் பக்கம் நீட்டினார். வாசிப்பது நீதானே என்று அந்தக் கையாலேயே கேட்டார்.

எத்தனையோ மைலுக்கு அப்பால் ஒரு மேடை. அங்கே நம் வீட்டு முன்னறை எப்படி வந்தது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கடைசியாக எப்போது வாசித்தாய்?

*

மே 20

அக்கா,

உன் கடிதத்தில் ஆரம்பத்தில் விசாரிப்பும் இல்லை, முடிவில் கையெழுத்தும் இல்லை. உன் கோபம் எந்த அளவு என்று புரிந்துவிட்டது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் வாசித்தேன். அதற்குப் பிறகு இல்லை.

வயலின்காரர்கள் போனதும், பெரிய அரங்கில் இரண்டு தந்தி வாத்தியம் எடுபடவில்லை என்றார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று பழைய பதிவிலிருந்து தந்திப் பகுதியை மட்டும் எடுத்து நாடாவில் ஓடவிட்டார்கள். ஒரு மாதத்தில் நாங்கள் அதற்குத் துணையாகிவிட்டோம். டிரம்காரன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாடாவோடு சேர்ந்து அடிப்பான். எங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். நாங்கள் கொஞ்சம் பிசகினாலும் இரட்டையாகக் கேட்கிறது என்று, செல்லோவின் தந்திக்கு அடியில் நுரைப்பஞ்சை வைத்து அடைத்தார் ஒலிக்காரர். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் அடைத்தார். வியோலா அம்மா கடைக்குப் போய் நூலும் ஊசியும் வாங்கி வந்தார். அன்றிலிருந்துதான் பின்னல் வேலை ஆரம்பித்தார்.

என் வேலை என்ன தெரியுமா? உன் வில் போன வழியிலேயே என் வில்லை விட வேண்டும். நீ இழுத்த இடத்தில் இழுத்து, நீ நிறுத்திய இடத்தில் நிறுத்த வேண்டும். உன் வாசிப்பு எனக்குத் தலைகீழ்ப் பாடம். வாயில் பாட்டு வராதவன் பிரார்த்தனைக் கூட்டத்தில் உதடு அசைக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அறைக்கு வந்து தனியாகப் பழகினேன். அப்புறம் எதற்கு என்று தோன்றிவிட்டது. அந்தப் பஞ்சை எடுக்கக்கூட அலுப்பாக இருந்தது.

உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ மூட்டை கட்டி வைத்தது எனக்காக. நான் இதைச் சொன்னால் உன் பக்கத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. தினமும் அந்த அமைதியான இடத்துக்காகக் காத்திருப்பேன். அப்பாவின் நாற்காலி கத்தும். அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த நாடாவை அனுப்பும்போது நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பதில் எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள அக்கா,

நீ எழுதவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியாவது போடக் கூடாதா? நர்ஸ் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். "உங்க அப்பா நல்லாயிருக்காரு, உங்க அக்காதான் பேசவே மாட்டேங்கிறாங்க" என்றாள்.

குழு முடிந்துவிட்டது. தலைவர் எல்லோரையும் பேருந்துக்குள் உட்கார வைத்து, இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுச் சொன்னார். யாரும் அழவில்லை. டிரம்காரன் தன் பையில் ஏதோ தேட ஆரம்பித்தான். எல்லோருக்கும் களைப்பு, அவ்வளவுதான். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி மாலை ஒரு கடைசிக் கச்சேரி. நகரத்தின் பெரிய வாத்தியக் குழு முழுசாக நம்மோடு மேடை ஏறுகிறது, அறுபது பேர். எல்லோருக்கும் எதிரே நின்று கையசைத்து வாசிக்க வைக்கும் அவர்களுடைய நடத்துநர்தான் நடத்துவார். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. "நாடா கிடையாது. கடைசி நாளாவது நிஜமா வாசிப்போம்யா, எனக்கே வெட்கமா இருக்கு" என்றார் தலைவர். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. "ஏழாம் மாடி தனி வாசிப்பு நம்ம குழு ஆளுதான் வாசிக்கணும். அறுபது பேர்ல ஒருத்தர் வாசிச்சா அது நம்ம பாட்டு இல்ல."

அன்றைக்கே அறைக்குப் போய்ப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். தடித்த தந்தி உறுமுகிறது அக்கா. நீ கேட்டாயே, இப்போது சொல்கிறேன், உறுமுகிறது. ஆனால் என் விரல் நுனி பஞ்சாகிவிட்டது. நாலு வரி வாசிப்பதற்குள் தோல் கிழிந்துவிடுகிறது. சுரம் நான் வைக்கிற இடத்தில் நிற்பதில்லை. ஒன்றரை மாதத்தில் இது திரும்பி வராது, எனக்குத் தெரியும்.

அது உன் வாசிப்பு. உன் இடம். நீ வந்து உட்காருவாயா? நீயும் விட்டு ரொம்ப நாளாகிறது, கேட்பது முட்டாள்தனம்தான். இருந்தாலும் என்னைவிட உன் கை மேல்தான். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அவர் விழுந்த பிறகு அவரோடு ஒரு நாள் முழுசாக நான் இருந்ததில்லை.

உன் பதிலுக்காக இந்த முகவரியிலேயே இருப்பேன்.
வாலு

*

ஜூலை 8

வாலு,

அப்பா நலம். நான் நலம். விசாரித்தாயிற்று, இனித் திட்டுகிறேன்.

என் காதில் பூ சுற்ற உனக்கு எத்தனை நாள் மனது வந்தது? "உறுமுவதே இல்லை" என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுக் கடை முழுக்க "என் தம்பி எப்படிப் பார்த்துக்கொள்கிறான் பாருங்கள்" என்று பெருமையடித்தேனே, அந்தப் பெருமையை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எத்தனையோ முறை எழுதி எழுதிக் கிழித்தேன். கோபம் மட்டும் இல்லை. எனக்கு ரொம்ப வலித்தது. அதுதான் உண்மை.

நிற்க. நீயும் கொஞ்சம் தெரிந்துகொள். நான் ஒன்றும் மூட்டை கட்டவில்லை. என் விரல் நுனியை வந்து தொட்டுப் பார், கல்லாக இருக்கிறது.

அப்பா விழுந்த முதல் வருஷம் சாயங்காலமானால் அழுவார். சத்தம் வராது, கண்ணீர் மட்டும் வரும். என்ன செய்தும் நிற்காது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கழுத்து ஒடிந்த ஒரு செல்லோவைக் குப்பையில் போட வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்து தச்சரிடம் ஒட்டித் தரச் சொன்னேன். அதன் குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். முதல் நாள் வாசித்தபோது அப்பா அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் வாசிக்கிறேன். நர்ஸ் ஜன்னலைச் சாத்தச் சொன்னது அதற்குத்தான். உன்னிடம் சொன்னால், உன் இடத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ சங்கடப்படுவாய். அதனால் சொல்லவில்லை. நம் இரண்டு பேரையும் பெற்றவர் ஒருவர்தான், சந்தேகமே இல்லை.

வருகிறேன். உனக்காக இல்லை. எனக்கு வாசிக்க ஆசையாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றிச் சில விஷயம். மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் துப்பிவிடுவார், முழுசாகக் கொடு. முகச்சவரம் செய்யும்போது பேச்சுக் கொடு, இல்லாவிட்டால் தலையைத் திருப்புவார். அவர் "ம்" என்றால் உடனே எழுந்து ஓடாதே, இரண்டாவது "ம்" வருகிறதா என்று பார். சாயங்காலம் வாசி. எவ்வளவு மோசமாக வாசித்தாலும் சரி, வாசி.

அக்கா

*

ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்கா,

நலமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தலைவர் நர்ஸ் வீட்டுக்குப் பேசினார். ரயில் நிலையத்தில் செல்லோவை மட்டும்தான் கைமாற்றிக்கொண்டோம், பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நீ என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய். திட்டியிருந்தால் தேவலை.

அப்பா நலம். முதல் நாள் நான் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ வரவில்லை என்று தெரிந்ததும் "ம்" என்றார். நான் ஓடிப்போய்த் தண்ணீர், போர்வை, மாத்திரை, செய்தித்தாள், செருப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தேன். கடைசியில் பார்த்தால், அவர் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

சவரம் செய்யும்போது பேச்சுக் கொடுக்கச் சொன்னாயே. என்ன பேசுவது என்று தெரியவில்லை. குழுவைப் பற்றிப் பேசினேன். கறுப்புத் துணி போட்டு மூடிய இருக்கை, நுரைப்பஞ்சு, உதடு அசைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி கன்னத்தில் இருக்கும்போதே அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிவிட்டேன். சிரிக்கிறார் அக்கா. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நுரை காய்ந்துபோகும்வரை சிரித்தோம்.

சாயங்காலம் அந்த ஒட்டுப்போட்ட செல்லோவை எடுத்தேன். இரண்டு வரி வாசித்ததும் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முழுசாக வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

நீ நன்றாகச் சாப்பிடு. வியோலா அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

வாலு

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலு,

அப்பாவும் நீயும் சுகமா? எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. வியோலா அம்மா பின்னி முடித்துவிட்டார். அது முட்டிக்கு இல்லையாம், அப்பாவின் காலுக்காம். அப்பாவின் கால் முடங்கியதை உன்னிடம் கேட்டு வைத்துக்கொண்டு அப்போதிருந்தே பின்னியிருக்கிறார். கொண்டுவருகிறேன்.

கச்சேரி நேற்று முடிந்தது. வானொலியில் கேட்டிருப்பாய். கேட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும், நான் சொதப்பிவிட்டேன்.

ஒத்திகையில் ஒரு தப்பும் வரவில்லை. நடத்துநர் வாய்விட்டு எண்ணினார், நானும் சரியாக நுழைந்தேன். மேடையில் அவர் எப்படி வாய்விட்டு எண்ணுவார்? கையை மட்டும்தான் காட்டுவார். "ஏழாம் மாடி" வந்தது. எல்லாம் நின்றது. அவ்வளவு பெரிய அரங்கு, மேல்தட்டு வரைக்கும் ஜனங்கள், கறுப்புத் துணி இல்லை, ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. நடத்துநர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் தெரியுமா? நாற்காலிக்கு. அது கத்தினால்தானே நான் நுழைய வேண்டும்? இத்தனை வருஷம் தட்டில் கேட்டதும் அப்படி, சாயங்காலம் வீட்டில் அப்பாவோடு வாசித்ததும் அப்படி. அறுபது பேரும் என்னையே பார்க்கிறார்கள். நடத்துநரின் கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. இங்கே நாற்காலி இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் எப்படியோ நுழைந்தேன். எது என்னைத் தள்ளியது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நுழைந்த பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. வாசித்தேன், அவ்வளவுதான். உன் விரலையும் சேர்த்து வாசித்தேன்.

முடிந்ததும் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் தேடிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். அவர் கண்ணை இப்போதுதான் பார்க்கிறேன், பாவம், தூங்கியே பல வருஷம் ஆன கண். "நாற்காலியைத் தேடினியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நானும்தான்" என்றார்.

இன்னொரு விஷயம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நடத்துநர் வந்து, "லேட்டா நுழைஞ்சீங்க, ஆனா நுழைஞ்ச விதம் இருக்கே, அதை யாரும் சொல்லித் தர முடியாது" என்றார். இந்தப் பாட்டுகளையே வைத்துப் பனிக்காலம் வரைக்கும் அவர்களுடைய வாத்தியக் குழு ஊர் ஊராகப் போகிறதாம். என்னை வரச் சொல்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன், ஆனால் நீ வேண்டாம் என்றால் அடுத்த ரயிலில் வந்துவிடுவேன். கண்ணாடிக் கடையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்றும் பயம். அப்பா என்னைத் தேடுவாரே என்பது அதைவிடப் பெரிய பயம்.

யோசித்து எழுது.
அக்கா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

சொகுசாகத் தூங்கி எழுந்திருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் நலம். இன்று மாத்திரையைத் துப்பவில்லை. முட்டை தீய்ந்துவிட்டது, தின்றுவிட்டார்.

நேற்று ஒலிபரப்புக்கு முன்னாலேயே நர்ஸ் வந்துவிட்டாள். "ஜன்னலைத் திறங்க, எங்க வீட்டுலயும் கேட்கட்டும்" என்றாள். அப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டு, வானொலிப் பெட்டியை அவர் எதிரே வைத்தேன். முதல் நாலைந்து பாட்டுக்குத் தூங்கி வழிந்தார். உனக்காகத் தட்டி எழுப்பினேன்.

"ஏழாம் மாடி" வந்தது. எல்லாம் நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடித்துவிட்டேன், நீ வரவில்லை. நர்ஸ் பெட்டியைத் தட்டலாமா என்று என்னைப் பார்த்தாள். பெட்டி கெட்டுவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். மறந்துவிட்டாயோ, மயங்கிவிட்டாயோ, என்னால்தானே அங்கே போய் உட்கார்ந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல காலைத் தரையில் ஊன்றி ஒரு உந்து உந்தினார். நாற்காலி கிறீச்சென்று கத்தியது. உடனே நீ நுழைந்தாய்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அது கத்தி முடிக்கவும் நீ ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. நர்ஸ் சாட்சி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, அப்பாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டேன். நீ வாசித்து முடிக்கும்வரை அவர் கை என் தலைமேல் இருந்தது.

திரும்பும் சீட்டை அவசரப்பட்டு எடுத்துவிடாதே. எனக்கும் அப்பாவுக்கும் இப்போதுதான் பழக்கமாகிறது. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பேசினேன், நீ வரும்வரை என்னைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் கடையில் இருக்கிற நேரம் நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் தினமும் வாசிக்கிறேன். விரலில் கொஞ்சம் காய்ப்பு வந்திருக்கிறது. நேற்று முன்தினம் அவர் பாதிவரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பாமல் இருந்தார்.

நீ முடித்து ஜனங்கள் கை தட்டியபோது அப்பா "ம்" என்றார். இரண்டாவது "ம்" வருகிறதா என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை, அந்த ஒன்றுதான். அது எந்த "ம்" என்று எனக்குப் புரியவில்லை, நீ வந்துதான் சொல்ல வேண்டும். அவசரமில்லை, மெதுவாக வா.

உன் வாலு